பைத்துல் முகத்தஸில் ஓர் அடுப்பு: ஹுர்ரம் சுல்தான் வரலாறு

ஜெருசலம் நகரின் பழைய மதிலுக்குள், அல்-அக்ஸா வளாகத்துக்கு மேற்கே ‘அகபத் அத்தகிய்யா’ என்றொரு தெரு இருக்கிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாம் ‘தைக்கா’ என்கிறோமே, அந்தச் சொல்லும் இந்தத் ‘தகிய்யா’வும் ஒன்றுதான். அங்கே உள்ள தகிய்யா ஏழைகளுக்கு உணவு வழங்கும் இடம். அதற்கான வக்ஃபு ஏற்பட்டது 1552-ஆம் ஆண்டில். இன்றும் ரமலான் வந்துவிட்டால் அந்தத் தெருவில் வாளியும் தூக்குச்சட்டியுமாக மக்கள் வந்து நிற்கிறார்கள்.

அந்த அடுப்பை மூட்டியவர் ஒரு பெண்மணி. உதுமானியப் பேரரசர் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான். தொலைக்காட்சித் தொடர்கள் வழியாக அவருடைய அரண்மனைக் கதை நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. அவருடைய சமையற்கட்டின் கதையை அறிந்தவர்கள் குறைவு.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய உக்ரைன் நாட்டின் மேற்குப் பகுதியில் அவர் பிறந்தார். அப்போது அந்த மண் போலந்து அரசரின் ஆட்சியில் இருந்தது. ரொஹாத்தின் என்ற சிற்றூரே அவர் பிறந்த ஊர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கிரிமியாவின் தாத்தாரியர் அந்தப் பகுதிகளில் அடிக்கடி புகுந்து மனிதர்களைச் சிறைபிடித்துச் சென்று விற்பது வழக்கம். அப்படிப் பிடிபட்டவர்களில் அந்தச் சிறுமியும் ஒருத்தி. தாய் தந்தை, ஊர், மொழி, பெயர் எல்லாவற்றையும் இழந்து, 1520-ஐ ஒட்டிய காலத்தில் இஸ்தான்புல் அரண்மனையின் அந்தப்புரத்துக்கு வந்து சேர்ந்தார். ஹுர்ரம் என்ற பெயர் அங்கே கிடைத்தது. பாரசீக மொழியில் அதற்கு மகிழ்ச்சி நிறைந்தவர் என்று பொருள். ஐரோப்பியர் அவரை ரொக்சலானா என்று அழைத்தார்கள்.

1521-இல் சுலைமானுக்கும் அவருக்கும் மூத்த மகன் முஹம்மது பிறந்தார். பின்னர் மிஹ்ரிமா என்ற மகளும் வேறு மகன்களும் பிறந்தார்கள். 1534 வாக்கில் சுலைமான் அவரை முறைப்படி மணந்துகொண்டார். அடிமையாக வந்த பெண்ணை சுல்தான் சட்டப்படி மனைவியாக்கிக்கொள்வது அந்த அரண்மனையில் நெடுங்காலம் காணாத ஒன்று. மக்கள் வியந்தார்கள். பலர் முகம் சுளித்தார்கள். சுல்தானுக்கு அவர் சூனியம் வைத்துவிட்டார் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

மணமான சில ஆண்டுகளிலேயே ஹுர்ரம் அறப்பணியில் இறங்கினார். இஸ்தான்புல்லில் அவர் பெயரால் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. கட்டியவர் புகழ்பெற்ற சினான். தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்ற பின் அவர் அந்நகரில் எழுப்பிய முதல் பெரும் பணி இதுவே. பள்ளிவாசலை அடுத்து மதரஸாவும், ஏழைகளுக்கான உணவுச்சாலையும், பிறகு மருத்துவமனையும் அமைந்தன. அந்த வட்டாரத்துக்கு ஹாஸெகி என்று அவருடைய பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. ஹாஸெகி மருத்துவமனை இன்றும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து அவர் கவனம் பைத்துல் முகத்தஸ் பக்கம் திரும்பியது. அந்த நகரத்தின் மதிலைச் சுலைமான் புதிதாகக் கட்டி முடித்துச் சுமார் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மதில் ஊரைக் காக்கும். ஆனால் உள்ளே இருப்பவர் வயிற்றுக்கு அது வழி செய்யாது. மம்லூக்குகள் காலத்தில் சித் துன்ஷுக் என்ற பெண்மணி கட்டிய பெரிய மாளிகை ஒன்று அங்கே இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டு ஹுர்ரமின் தர்மசாலை உருவாயிற்று. பள்ளிவாசல், தங்குவதற்கு 55 அறைகள், பயணிகள் சத்திரம், சமையற்கூடம், ரொட்டி அடுப்பு, சரக்கறை, உண்ணும் கூடம் என்று எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன.

அந்த வக்ஃபுக்காக எழுதப்பட்ட ஆவணம் இன்றும் இருக்கிறது. அதைப் படிப்பவர்க்கு ஓர் அரசியின் அறக்கட்டளையைப் பார்ப்பதுபோலவே இராது. பெரிய குடும்பத்தை நிர்வகிக்கும் ஒரு தாயின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். நாள்தோறும் இரண்டு வேளை உணவு. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் குறுணைக் கோதுமைக் கஞ்சி. கஞ்சியில் நெய், கொண்டைக்கடலை, வெங்காயம், உப்பு. ஆளுக்கு ஓர் அகப்பைக் கஞ்சி, ஒரு ரொட்டி. வெள்ளி இரவுகளிலும் ரமலான் இரவுகளிலும் மட்டும் ஆட்டிறைச்சியோடு சோறும், குங்குமப்பூவும் தேனும் சேர்த்த இனிப்புச் சோறும். அறைகளில் தங்குவோரும் பணியாளர்களும் நீங்கலாக, ஏழை எளியவர்கள் 400 பேருக்கு ஒவ்வொரு நாளும் உணவு.

நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கு இதன் சிரமம் தெரியும். ஒரு மாதம் ஒரு வேளை காய்ச்சுவதற்கே எத்தனை கைகள் வேண்டியிருக்கிறது! அங்கே ஆண்டு முழுவதும் இரண்டு வேளை. அதற்காகச் சுமார் 50 பேர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். மேற்பார்வையாளர், கணக்கர், வரவு வசூலிப்பவர், சரக்கறைப் பொறுப்பாளர், தலைமைச் சமையல்காரர், ரொட்டி சுடுபவர் ஆகியோர் இருந்தார்கள். அரிசியில் கல் பொறுக்குபவருக்கும், பாத்திரம் கழுவுபவருக்கும், வாயிற்காவலருக்கும்கூடத் தனித்தனியே வேலை வகுக்கப்பட்டிருந்தது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஆவணத்தில் வழி செய்யப்பட்டிருந்தது. ரம்லாவைச் சுற்றியுள்ள இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களின் அரசு வருவாய் இந்த வக்ஃபுக்கு எழுதி வைக்கப்பட்டது. உழவர்கள் அரசுக்குச் செலுத்தவேண்டிய விளைச்சல் பங்கு இனி அடுப்புக்குப் போகும். அதாவது அரசியின் பெயரால் ஊற்றப்பட்ட கஞ்சியில் பாலஸ்தீன உழவரின் வியர்வையும் கலந்திருந்தது. மழை பொய்த்தாலும், குடியானவர்கள் ஊரைவிட்டுப் போனாலும் அண்டாவில் கஞ்சி குறையும். அத்தகைய சிக்கல்கள் எழவே செய்தன. ஹுர்ரம் மறைந்தபின், 1560-இல் சுலைமான் சைதா பகுதியிலிருந்து மேலும் சில கிராமங்களின் வருவாயைச் சேர்த்துக் கொடுத்தார். மனைவி தொடங்கிய தர்மம் தட்டுப்பட்டு நின்றுவிடாமல் இருக்கக் கணவர் செய்த காரியம் அது.

ஹுர்ரமின் வாழ்வில் நிழலும் உண்டு. 1543-இல் மூத்த மகன் முஹம்மதை நோய் கொண்டுபோயிற்று. 1553-இல் சுலைமானின் மற்றொரு மனைவிக்குப் பிறந்த இளவரசர் முஸ்தபா தந்தையின் ஆணையால் கொல்லப்பட்டார். அதற்குத் தூண்டுதல் ஹுர்ரமே என்று அக்காலத்தவர் பலர் குற்றம்சாட்டினார்கள். அந்தப் பழி அவர் பெயரைவிட்டு அகலவில்லை. அதே ஆண்டில் அவருடைய கடைசி மகன் ஜிஹாங்கீரும் இறந்தார். 1558 ஏப்ரலில் ஹுர்ரம் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். இஸ்தான்புல்லில் சுலைமானிய்யா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அரண்மனைக்குள் நடந்தவற்றின் முழுக் கணக்கு அல்லாஹ்வுக்கே தெரியும். தெருவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பசித்து வந்தவர் பசியாறிப் போனார்.

பின்னாளில் ஜெருசலத்துக்குப் போன ஐரோப்பியப் பயணிகள் பலர் அந்தக் கட்டடத்தைப் பார்த்து, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாயார் ஹெலினா கட்டியது என்று எழுதி வைத்தார்கள். கொடுத்தவர் பெயரே மாறிப்போனது. அதனால் கஞ்சியின் சுவை குறையவில்லை, வரிசையில் நின்றவர் பசியும் தீராமல் போகவில்லை. உதுமானியப் பேரரசே மறைந்துவிட்டது. எழுதி வைத்த கிராமங்களும் கைவிட்டுப் போயின. நகரம் பல கைகள் மாறியது. பழைய வளாகத்தின் ஒரு பகுதியில் பின்னர் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமும் பள்ளியும் இடம் பெற்றன. வக்ஃபு நிர்வாகமும் நன்கொடையாளர்களும் தாங்கிப் பிடிக்க, அண்டா இன்னும் அடுப்பில் ஏறுகிறது.

மனம் இளகி ஒரு நாள் சோறு போடுவது நல்ல குணம். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், நாம் இல்லாத நாளிலும் அந்தச் சோறு கிடைக்கும்படி செய்ய, குணத்தோடு ஏற்பாடும் வேண்டும். விறகுக்கு ஒரு வரவு, கணக்குக்கு ஒருவர், கல் பொறுக்க ஒருவர் என்று எண்ணிப் பார்த்து எழுதி வைக்கவேண்டும். ஸதக்கத்துல் ஜாரியா என்று நாம் சொல்லும் நிலையான தர்மத்தின் உட்பொருள் அதுதான்.

நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளில் அண்டா சுமந்தவர்கள், சந்தா வசூலிக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், பேரேட்டில் ஒரு வெள்ளி விடாமல் எழுதி வைத்தவர்கள் எத்தனையோ பேர். இந்த மலரின் படங்களில் எல்லா முகங்களும் இராது. அவர்கள் வகுத்த ஏற்பாடு நிற்கிறது. அதை அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எழுதி வைக்கும் பொறுப்பு இப்போது நம் பிள்ளைகள் கையில்.