ஐடா வெல்ஸ் அம்மையார்

அமெரிக்க நாட்டில் அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் பெயரை நம் இளைஞர் அனைவரும் அறிவர். ஆனால் விடுதலைக்குப் பின்னர் அம்மக்கள் பட்ட பாட்டினை அறிந்தோர் சிலரே. சட்டம் 1865-இல் வந்தது. எனினும் சில ஆண்டுகளுக்குள் தென் மாநிலங்களில் நீதிமன்றமும் காவலும் வாக்குப் பெட்டியும் பழைய எசமானர் வகுப்பாரின் கைக்கே திரும்பின. ஆலைகளும் இருப்புப் பாதைகளும் பெருகிச் செல்வம் கொழித்த அதே காலத்தில், கறுப்பின மக்கள் விசாரணையின்றிக் கும்பல்களால் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை எழுத்தால் எதிர்த்து நின்ற பெண்மணி ஒருவரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஐடா வெல்ஸ் 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்து ஹோலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அடிமையாகவே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தச்சர். தாய் எலிசபெத் சமையற் பணி செய்தவர். விடுதலைக்குப் பின் நடந்த தேர்தலில், தாம் சொன்ன கட்சிக்கு வாக்களிக்கவில்லை என்று பழைய எசமானர் பட்டறையைப் பூட்டிவிட்டார். ஜேம்ஸ் மன்றாடவில்லை, புதிய கருவிகளை வாங்கி வேறிடத்தில் தொழிலைத் தொடங்கினார். கறுப்பின மக்களுக்கென அவ்வூரில் எழுந்த கல்லூரிக்கு அறங்காவலராகவும் விளங்கினார். தாயோ, பிள்ளைகளோடு தாமும் பள்ளிக்குச் சென்று விவிலியம் படிக்குமளவிற்கு எழுத்தறிவு பெற்றார். முதல் தலைமுறையின் கல்வி வேட்கை எத்தகையது என்பதை நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1878-இல் பரவிய மஞ்சள் காய்ச்சலில் தாய், தந்தை, கைக்குழந்தையாகிய தம்பி மூவரும் மாண்டனர். அப்போது ஐடாவுக்கு வயது 16. எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் பிரித்து விடுவது என உற்றார் கூடி முடிவு செய்தனர். ஐடா அதற்கு இசையவில்லை. பாவாடையின் நீளத்தைக் கூட்டி வயது முதிர்ந்தவராகத் தோன்றச் செய்து, கிராமப் பள்ளியொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து குடும்பத்தைக் காத்தார்.

பின்னர் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் பணியாற்றுகையில், இரயிலில் மகளிர் பெட்டிக்குரிய சீட்டு வைத்திருந்தும், புகைபிடிப்போர் பெட்டிக்குச் செல்லுமாறு நடத்துநர் பணித்தார். மறுத்தவரை மூவர் சேர்ந்து இழுத்து வெளியேற்றினர். அம்மையார் வழக்குத் தொடுத்து, 1884-இல் 500 டாலர் இழப்பீடு பெற்றார். ஆனால் 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியதுடன் வழக்குச் செலவையும் அவர் தலையிலேயே சுமத்தியது. நீதிமன்றத்தின் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கை தளர்ந்தது. எழுதுகோலின் மீது நம்பிக்கை வளர்ந்தது.

1889-இல் ஃப்ரீ ஸ்பீச் என்னும் இதழின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார். கறுப்பினச் சிறுவர்களின் பள்ளிக் கட்டடங்கள் எவ்வளவு இழிநிலையில் உள்ளன, அங்கு நியமிக்கப்படும் ஆசிரியர்களின் தகுதி என்ன என்று வெளிப்படையாக எழுதினார். விளைவு, 1891-இல் வேலை பறிபோயிற்று. ஊதியம் தரும் நிர்வாகத்தைக் குறை கூற நா எழாமை ஆசிரியர் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்ததே. அச்சம் அம்மையாருக்கும் இருந்திருக்கும், ஆயினும் எழுதினார்.

1892 மார்ச்சு 9 அன்று நிகழ்ந்ததே அவர் வாழ்வின் திருப்பம். மெம்பிஸ் நகரில் மக்கள் மளிகை என்ற பெயரில் கறுப்பினத்தார் நடத்திய கடை, அருகிலிருந்த வெள்ளையர் கடையின் வாணிகத்தைக் குறைத்தது. அதனால் எழுந்த பூசலில் தாமஸ் மாஸ், கால்வின் மெக்டோவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவர் சிறையிலடைக்கப்பட்டனர். நள்ளிரவுக்குப் பின் கும்பலொன்று அவர்களைச் சிறையினின்று இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. தாமஸ் மாஸ் அஞ்சற்காரர். அம்மையாரின் உற்ற நண்பர்.

வெள்ளைப் பெண்களின் மானத்தைக் கெடுத்தவர்களே இவ்வாறு கொல்லப்படுகின்றனர் என்று அன்று எங்கும் பேசப்பட்டது. அம்மையாரும் அதுவரை அதனை ஓரளவு நம்பியிருந்தார். மாஸ் செய்த குற்றமோ நேர்மையாக மளிகை விற்றது. எனில் மற்றவர்கள் செய்த குற்றந்தான் யாது? அம்மையார் கணக்கெடுக்கத் தொடங்கினார். தம் கூற்றை ஒருவரும் மறுக்கலாகாது என்பதற்காக, வெள்ளையர் நடத்திய சிக்காகோ டிரிப்யூன் நாளிதழ் வெளியிட்ட பட்டியல்களையே சான்றாகக் கொண்டார். கொல்லப்பட்டோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மீதே அப்பழி சுமத்தப்பட்டிருந்தது. அதுவும் மெய்ப்பிக்கப்படாத பழி. பெயர், ஊர், நாள், சாட்டப்பட்ட குற்றம் என வரிசைப்படுத்தி 1892-இலும் 1895-இலும் நூல்களாக வெளியிட்டார். இன்றைய ஆய்வாளர்கள் கையாளும் முறையை, பட்டம் பெறாத ஓர் ஆசிரியை அன்றே கையாண்டதை நம் கல்லூரி மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

மெம்பிஸை விட்டு வெளியேறுங்கள் என்றும் அவர் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமா முதலிய இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோர் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினர். வருவாய் இழந்த நிறுவனத்தார் அவருடைய அலுவலகத்துக்கே வந்து, மக்கள் மின்சாரத்துக்கு அஞ்சுகின்றனரோ என்று வினவினராம்! அவ்வாண்டு மே மாதம் அம்மையார் வெளியூர் சென்றிருந்தபோது அச்சகம் நொறுக்கப்பட்டது. திரும்பினால் உயிர் போகும் என்ற எச்சரிக்கையும் வந்தது. நியூயார்க்கிலிருந்து எழுத்தைத் தொடர்ந்தார். 1893, 1894 ஆண்டுகளில் இங்கிலாந்து சென்று அங்குள்ளோர் மனச்சான்றையும் தட்டியெழுப்பினார்.

1895-இல் வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்து சிக்காகோவில் வாழ்ந்தார். தென்னாட்டுக் கொடுமைக்கு அஞ்சி வடக்கே வந்து வேலை தேடிய இளைஞர்களுக்காக, 1910-இல் படிப்பகமும் தங்குமிடமும் கொண்ட கழகம் ஒன்றை நிறுவினார். பணம் போதாதபோது நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து, அவ்வூதியத்தால் அதனை நடத்தினார்.

1909-இல் இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ நகரில் வில்லியம் ஜேம்ஸ் என்பவர் கும்பலால் கொல்லப்பட்டார். கைதியைப் பறிகொடுக்கும் ஷெரீப் பதவியிழப்பார் என்பது அம்மாநிலச் சட்டம். பதவியிழந்த ஷெரீப் அதனை மீண்டும் பெற முயன்றார். எதிர்த்து வாதிட எவரும் முன்வரவில்லை. முதலில் தயங்கிய அம்மையாரை, அவர் போகாவிடில் வேறெவரும் போகமாட்டார் என்று மூத்த மகனே தூண்டினான். அவர் கெய்ரோ சென்று உண்மைகளைத் திரட்டி, வழக்கறிஞர்க்கு எதிரே நின்று ஆளுநரிடம் வாதிட்டார். ஷெரீப்புக்குப் பதவி கிட்டவில்லை.

சீர்திருத்தம் பேசியோரும் அவரைப் பல வேளைகளில் ஒதுக்கினர் என்பதை மறைத்தல் முறையன்று. கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்துக்கு 1909-இல் அடிகோலியபோது, குழுவின் பட்டியலில் முதலில் அவர் பெயர் விடப்பட்டது. கண்டனம் எழுந்த பின்னரே சேர்க்கப்பட்டது. 1913 மார்ச்சு 3 அன்று வாஷிங்டனில் நடந்த மகளிர் வாக்குரிமைப் பேரணியில், தென்னாட்டு வெள்ளைப் பெண்கள் வருந்துவர் என்று அவரைக் கடைசி வரிசையில் நடக்கச் சொன்னார்கள். அவர் கூட்டத்தில் ஒதுங்கி நின்று, தம் மாநிலத்தார் வந்ததும் அவர்கள் நடுவே புகுந்து நடந்தார். அண்ணல் அம்பேத்கர் உயர்கல்விக்காக நியூயார்க் சென்றதும் அவ்வாண்டிலேதான். அம்மையார் அமைத்த ஆல்ஃபா வாக்குரிமை மன்றத்துப் பெண்கள் வீடு வீடாகச் சென்று உழைத்ததால், 1915-இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் சிக்காகோ நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார்.

அம்மையார் 1930-இல் மாநில மேலவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1931 மார்ச்சு 25 அன்று மறைந்தார். முடிவுறாது நின்ற அவருடைய தன்வரலாற்றை மகள் ஆல்ஃப்ரெடா பதிப்பித்து 1970-இல் வெளியிட்டார். கும்பற்கொலையை நாடு முழுமைக்கும் குற்றமாக்கும் சட்டம் வேண்டி அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தார். பன்முறை தோற்கடிக்கப்பட்ட அச்சட்டம் 2022 மார்ச்சு மாதத்தில்தான் நிறைவேறியது.