நாவலர் பெருமானின் தியாகம்

1822ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூரில் அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான், தாம் ஆங்கிலங் கற்ற மிஷன் பாடசாலையிலேயே ஆசிரியரானார்; பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் தமிழாக்கத்துக்கும் துணைநின்றார். சம்பளமும் மதிப்பும் உள்ள உத்தியோகம் அது. ஆயினும் சைவப் பிள்ளைகள் கல்விக்காகப் பிறசமயப் பாடசாலைகளையே நாடவேண்டியிருந்த நிலை அவர் மனதை வருத்தியது.

1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதன் பொருட்டு உத்தியோகத்தைத் துறந்தார். இல்லறத்தையும் நாடாது, அச்சுக்கூடம் அமைத்து நூல்கள் பதிப்பித்தார். 1876–77 பஞ்சகாலத்தில் பொருளுள்ளோரிடம் உதவி திரட்டி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். 1879இல் சிவபதமடைந்தார்.

பெருமான் துறந்தவை யாவும் தமக்குரிய சுகங்களே; சமய ஒழுக்கத்தை ஒருபோதும் விட்டாரல்லர். பிறர் பசியும் அறியாமையும் நீங்குமிடத்துச் செய்யும் தியாகமே பயனுடைய தியாகம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.