கரணையும் கேளா ஒலியும்
(சர் சி. வி. இராமன் வாழ்விலிருந்து)

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

எங்கள் ஊர் கெங்கவல்லி. என் பாட்டனார் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தோல் கட்டித் தருபவர். பள்ளி நாட்களில் தோல் வாடை என்று உடன் படித்தோர் மூக்கைப் பிடித்ததுண்டு. ஆதலால் அத்தொழிலைப் பற்றி நான் எவரிடமும் வாய் திறந்ததில்லை. இராமனின் வரலாற்றைப் படித்த பின்னரே இதை எழுதத் துணிந்தேன்.

1888 நவம்பர் 7-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் இராமன். தந்தையார் ஆசிரியர், வயலின் வாசிப்பவர். நம்முடையதைப் போன்றே அரசுக் கல்லூரியான சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்தபோதே, 1906-ல், இவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழில் வெளிவந்தது. 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவலக நேரம் போக மற்ற நேரமெல்லாம் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. 1928-ன் கண்டுபிடிப்பும் 1930-ன் நோபல் பரிசும் நண்பர்கள் அறிந்தவையே. நான் சொல்ல வந்தது வேறு.

சாதாரணத் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால், முதல் மேற்சுரம் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் 1.59 மடங்காக வரும். முழு எண்ணாக இல்லாமையால் அது இசையாகாது, வெறும் ஓசை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவில் கரணை இருக்கிறது. சோற்றையும் கிட்டக்கல் தூளையும் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கரும்பூச்சு அது. அந்தப் பாரம் தோலின் முதல் ஒன்பது வகை அதிர்வுகளை ஐந்தே சீரிசைகளுக்குள் அடக்கிவிடுகிறது என்று இராமன் காட்டினார். 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து சுருக்கமாகவும், 1934-ல் தனியே விரிவாகவும் எழுதினார். தோல்மேல் நுண்மணலைத் தூவி, அது கணுக்கோடுகளில் ஒதுங்குவதைக் கொண்டே அதிர்வுகளை இனம் பிரித்தார். முன்னோரின் ஒலியறிவை மனமாரப் பாராட்டவும் செய்தார். கரணை தேய்த்த கைகள் யாருடையவை என்பதையும் எழுதியிருக்கலாம் என்பது என் குறை.

அடுத்த ஆண்டே, 1935-ல், பெங்களூரில் நாகேந்திர நாத்துடன் கேளா ஒலியில் இறங்கினார். வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி அது; நம் செவிக்கு எட்டாது. அவ்வொலி செல்லும் திரவத்தில் ஒளியைக் குறுக்கே பாய்ச்சினால் கற்றை பல கோடுகளாகப் பிரிகிறது. 1932-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இதைக் கண்டிருந்தனர். ஆனால் இத்தனை கோடுகள் ஏன் என்று விளங்கவில்லை. ஒலி நெருக்கும் இடத்தில் ஒளிவிலகல் எண் கூடுகிறது, தளர்த்தும் இடத்தில் குறைகிறது. அதனால் ஒளியின் முகப்பு மடிப்பு மடிப்பாகி வெளிவருகிறது என்று இருவரும் விளக்கினர். ஒவ்வொரு கோட்டின் பொலிவையும் தருவது பெஸ்ஸல் சார்பு. வட்டத் தோலின் அதிர்வைக் கணிக்கவும் அதே சார்புதான்! இரண்டாம் ஆண்டில் அச்சார்பைக் கண்டு நான் பட்ட அச்சம் கொஞ்சமல்ல.

இராமன் 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் மறைந்தார்.

சென்ற விடுமுறையில் சுவேத நதி மணலைச் சலித்து எடுத்துப் போனேன். பாட்டனார் முதலில் கோபித்தார். ஈரம் ஏறினால் சுருதி இறங்கிவிடுமாம். வெயிலில் காயவைத்த பிறகு வலந்தலையில் தூவவிட்டார். ஒரு விரலை ஓரத்தில் ஊன்றி அவரே தட்டினார். மணல் குறுக்கே ஒரு கோடாக நின்றது. இன்னொருமுறை தூவச் சொன்னார்.