கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்

நம் தீவில் போகலையிலும் ககட்டகாவிலும் நிலத்தடியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் காரீயத்தைப் பூமிசாத்திர வகுப்பில் படியாதார் நம்முள் இலர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட தூய்மையுடைய காரீயம் பாறைப் பிளவுகளில் நரம்புபோல ஓடிக்கிடப்பது இவ்வுலகில் அருமை. அவ்வருமை இலங்கைக்கு வாய்த்தது. கையிற் பட்டால் கரி பூசும் இப்பொருளும், நம் பெண்டிர் தோட்டிலும் மூக்குத்தியிலும் ஒளிவிடும் வைரமும் காபன் என்னும் ஒரே மூலகத்தால் ஆயினவை. ஆயினும் அவற்றின் குணங்களோ வேறு. காரீயம் மின்னைக் கடத்தும். தூய வைரம் கடத்தாது, அது காவலி. மின்னைக் கடத்தாத பொருள் வெப்பத்தையும் கடத்தாது என்றே நாம் எண்ணுவோம். வைரமோ செம்பைக் காட்டிலும் ஏறக்குறைய 5 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகின்றது. நகைக்கடைக்காரர் சிறு கருவியொன்றின் முனையைக் கல்லிலே தொட்டு, வெப்பம் விரைந்து ஓடுகின்றதா எனப் பார்த்து வைரத்தைக் கண்ணாடியினின்று பிரித்தறிவது இக்குணங்கொண்டே.

மின்னும் வெப்பமும் திண்பொருள்களினூடே எவ்வாறு செல்கின்றன என்னும் வினாவைத் தம் வாழ்வின் பிற்பாதி முழுவதும் ஆராய்ந்த ஒரு தமிழரின் வரலாற்றை இம்மலரிலே கூற எண்ணினோம். அவர் பெயரின் முதற்பகுதி கரியமாணிக்கம் என்பது. அது திருமாலின் திருநாமம். எனினும், காரீயப் பளிங்கை ஆராய்ந்து புகழ்பெற்ற ஒருவருக்கு அப்பெயர் முன்னமே அமைந்திருந்ததை நினைக்குந்தோறும் தமிழாசிரியராகிய நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகின்றது.

கே. எஸ். கிருஷ்ணன் என உலகம் அறிந்த இப்பெரியார் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரிலே பிறந்தார். மேற்குமலைத் தொடரின் அடிவாரத்து வயலூர் அது. தந்தையார் வேளாண்மை செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் நல்ல பயிற்சி உடையவர். அவ்விரு மொழிப்பற்றும் மகனுக்கும் வந்தது. இந்துப் பாடசாலையிலே தொடங்கிய கல்வி மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் தொடர்ந்தது. பட்டம் பெற்றபின் சென்னைக் கல்லூரியிலேயே இரசாயனப் பகுதியில் செய்முறை காட்டும் ஆசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்தில் அவர் செய்த காரியம் ஒன்று ஆசிரியராகிய நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்கின்றது. நண்பகல் உணவு வேளையிலே மாணவர் எவரும் வந்து பௌதிகத்திலோ கணிதத்திலோ இரசாயனத்திலோ எந்த வினாவையும் கேட்கலாம் என்று ஓர் உரையாடலை அவர் ஏற்படுத்தினார். பாடத்திட்டத்திற்கு உட்பட்டதன்று, சோதனைக்கு உதவுவதுமன்று. ஆயினும் மாணவர் திரண்டனர். பிற கல்லூரி மாணவரும் வந்தனர் என்பர். இருபது வயதைக் கடந்து சிறிது காலமே ஆன இளைஞருக்குப் பட்டமும் பதவியும் அல்ல, வினாவுக்கு அஞ்சாத மனமே இக்கூட்டத்தைச் சேர்த்தது.

1920ஆம் ஆண்டை அடுத்து அவர் கல்கத்தா சென்றார். அங்கே இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் சந்திரசேகர வேங்கட இராமன் ஒளிச்சிதறலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் கிருஷ்ணன் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அங்ஙனம் சேர்ந்தவர் தம் ஆசிரியரின் வலக்கையாகவே விளங்கினார்.

1928ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். அத்திங்களின் தொடக்கத்திலே, அறிமுறை ஆய்வில் மூழ்கியிருந்த கிருஷ்ணனை இராமன் மீண்டும் செய்முறைக்கு அழைத்தார். சூரிய ஒளியைத் தொலைநோக்கியால் குவித்து, நீல ஊதா ஒளியை மட்டும் செல்லவிடும் வடியினூடே திரவத்தில் வீழ்த்தினர். சிதறிவரும் ஒளிக்கு எதிரே, அந்நீல ஊதாவை முற்றும் தடுக்கும் மற்றொரு நிறவடியை வைத்தனர். ஒளி நிறம் மாறாது சிதறுமாயின் கண்ணுக்கு எதுவும் தெரியலாகாது. ஆனால் மங்கிய ஒளி தெரிந்தது. திரவத்திலுள்ள தூசியால் உண்டான மயக்கமோ எனின், மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்த திரவங்களிலும் தெரிந்தது. வெறும் ஒளிர்வோ எனின், அவ்வொளி முனைவாக்கம் உற்றிருந்தமையால் அதுவும் பொருந்தவில்லை. ஏறத்தாழ 60 திரவங்களை இவ்வாறு பார்த்தனர். இருண்ட அறையிலே நெடுநேரம் அமர்ந்து, கண்ணைப் பழக்கி, அணையும் அகல்போன்ற ஒளியைத் தேடிய அக்கண்கள் பெரும்பாலும் கிருஷ்ணனுடையவை. அந்நாள்களின் நிகழ்ச்சிகளை அவர் நாட்குறிப்பாகவும் எழுதிவைத்தார். இராமன் இரவு வேளையிலே அவருடைய இல்லத்திற்கே விரைந்துவந்து ஆய்வின் பொருளைப் பேசியதும் அதிலே உண்டு.

பெப்ரவரி 16ஆம் நாளிட்டு நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பப்பட்டு, மார்ச் 31ஆம் நாள் வெளிவந்த முதற்கட்டுரையில் இராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயரும் உள்ளன. இடையே பெப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டியால் நோக்கியபோது புதிய ஒளி வேறாகப் பிரிந்து நிற்பது தெளிவாயிற்று. அந்நாளையே இந்தியா இன்று தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடுகின்றது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

இதுபற்றி இருவேறு கருத்துகள் இன்றும் உள. ஆய்வின் தலைமையும் பல்லாண்டு நோக்கமும் இராமனுடையவை என்பதில் நமக்கு ஐயமில்லை. சிதறலை ஆராயும் எண்ணம் 1921ஆம் ஆண்டுக் கடற்பயணத்திலிருந்தே அவருள்ளத்தில் வளர்ந்தது. ஆயினும், இராமன் விளைவு எனப் பாடநூலில் ஒரு வரியாகப் படித்துச் செல்லும் நம் மாணவருக்கு அம்முதற்கட்டுரையில் இரண்டாம் பெயர் ஒன்று இருந்தது தெரியாமற்போவது முறையன்று. நாமே பயிற்சிக் கலாசாலையில் பயின்று வெளிவந்து பல்லாண்டு சென்றபின்பே அதனை அறிந்தோம். கிருஷ்ணன் தமக்கு நேர்ந்தது குறித்துப் பகிரங்கமாக முறையிட்டதாக நாம் எங்கும் படித்ததில்லை. அவர் செய்தது வேறு. பரிசு அறிவிக்கப்படுமுன்னரே, 1928ஆம் ஆண்டின் இறுதியில், ஒளிச்சிதறலை விட்டுப் புதுத்துறையொன்றை நாடி டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்றுவிட்டார்.

டாக்காவில் அவர் எடுத்துக்கொண்டது பளிங்குகளின் காந்த இயல்பு. சிறு பளிங்கொன்றை நுண்ணிய படிக இழையிலே தொங்கவிட்டுக் காந்தமுனைகளின் நடுவே நிறுத்துவார். இழையின் மேற்றலையை மெல்ல மெல்ல முறுக்குவார். பளிங்கு காந்தத்தின் பிடியை விடாது நிற்கும். முறுக்கு ஓர் எல்லையைக் கடந்ததும் சட்டெனத் திரும்பிவிடும். அவ்வெல்லைக் கோணத்தை அளந்தால், திசைக்குத் திசை பளிங்கின் காந்தத்தன்மை எவ்வளவு வேறுபடுகின்றது என்று கணிக்கலாம். பெரும்பொருட்செலவான கருவியேதும் இல்லை. இழையும் காந்தமும் பொறுமையுமே வேண்டியவை. இதனால் பளிங்கினுள்ளே அணுக்கள் எத்திசை நோக்கிக் கிடக்கின்றன என்பதை உய்த்துணர முடிந்தது.

1933ஆம் ஆண்டிலே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தாவிற்கு மீண்டபின்பு அவர் காரீயத்தை நாடினார். கங்குலி என்பாரோடு சேர்ந்து செய்த இவ்வாய்வே அவரை மின்கடத்தல் என்னும் துறைக்கு ஈர்த்தது எனலாம். காரீயத்தில் காபன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகள்போல அறுகோணங்களாகத் தளந்தளமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தளத்துக்குள் அணுக்களின் பிணைப்பு மிக வலிது. தளத்துக்கும் தளத்துக்கும் இடையே மெலிது. அதனாலேயே பென்சில் தாளில் எளிதாய் வழுக்கிச் செல்கின்றது. கிருஷ்ணனும் கங்குலியும் தனிப்பளிங்கில் அளந்தபோது, தளத்தின் வழியே செல்லும் மின்னுக்கு உள்ள தடையினும், தளத்தைக் குறுக்கே கடக்கும் மின்னுக்கு உள்ள தடை ஆயிரக்கணக்கான மடங்கு மிகுந்திருக்கக் கண்டனர். 1939ஆம் ஆண்டு நேச்சரில் இது வெளிவந்தது. காந்தத்தை விலக்கும் இயல்பும் தளங்களுக்குச் செங்குத்தான திசையிலே பன்மடங்கு மிகுந்திருந்தது. தளத்தினுள் தடையின்றி உலவும் இலத்திரன்களே இவ்விரண்டுக்கும் காரணம் என அவர் விளக்கினார். அத்தளங்களுள் ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்ததற்காக 2010ஆம் ஆண்டின் நோபல் பரிசு மான்செஸ்டர் அறிஞர் இருவருக்கு வழங்கப்பட்டதை இளைய வாசகர் அறிவர்.

வைரத்திலோ இலத்திரன் ஒவ்வொன்றும் அணுக்களின் பிணைப்பிலே கட்டுண்டு கிடக்கின்றது. ஆகவே மின் ஓடாது. வெப்பம் ஓடுவதற்கு இலத்திரன் வேண்டுவதில்லை. அணுக்களின் சாலகமே அதிர்ந்து அதனைக் கொண்டுசெல்லும். வைரத்தின் அணுக்கள் இலேசானவை, பிணைப்பு இறுகியது. இழுத்துக் கட்டிய வீணை நரம்பில் அதிர்வு விரைந்து செல்வதுபோல அங்கே வெப்பம் விரைகின்றது. இன்னும் ஒரு வகை உண்டு. குறைகடத்தி எனப்படும் பொருள்களில் சில இலத்திரன்கள் சிறிது வெப்பம் பட்டதும் கட்டவிழ்ந்து புறப்படும். உலோகம் சூடேறினால் மின்தடை கூடும், குறைகடத்தி சூடேறினால் குறையும். போரன் அணுக்கள் சிறிதளவு கலந்த நீலவைரம் காவலியாயிராது குறைகடத்தியாகின்றது. இவற்றையெல்லாம் நம் சகபாடியான பௌதிக ஆசிரியர் ஒருவர் மாலைவேளைகளில் பொறுமையோடு விளக்கியிராவிடின் நாம் இங்கே எழுதத் துணிந்திரோம்.

1940ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் கிருஷ்ணனைத் தன் உறுப்பினராகத் தெரிந்தது. 1942ஆம் ஆண்டில் அலகபாத் சர்வகலாசாலைப் பௌதிகத் துறையின் தலைவரானார். போர்க்காலம் அது. அங்கே அவத் பிகாரி பாட்டியா என்னும் மாணவர் அவரை அடைந்தார். உலோகம் திண்மமாயிருக்கும்போது அணுக்கள் அணிவகுத்து நிற்கும், இலத்திரன்கள் இடையே எளிதில் செல்லும். உருகித் திரவமானால் அணிவகுப்புக் குலையும். அந்நிலையில் மின்தடையை எவ்வாறு கணிப்பது? கதிர்கள் ஒரு திரவத்தில் எங்ஙனம் சிதறுகின்றனவோ அங்ஙனமே இலத்திரன் அலைகளும் உருகிய உலோகத்தில் சிதறும், எக்ஸ் கதிர்ச் சிதறலை அளந்தால் மின்தடையும் புலனாகும் என்று இருவரும் 1945ஆம் ஆண்டில் நேச்சரில் எழுதினர். கல்கத்தாவில் ஒளிச்சிதறலைக் கற்ற கண் உலோகத்திலும் சிதறலையே கண்டது. இதனை அவருடைய ஆய்வுகளுள் தலையாயதாக நாம் கருதுகின்றோம். முதலில் செய்தது வீணாகவில்லை. வேறு வடிவிலே திரும்பி வந்தது. பாட்டியா பின்னாளில் கனடாவிலே பேராசிரியரானார்.

1946ஆம் ஆண்டில் சேர் பட்டமும், 1954ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் வந்தன. 1948ஆம் ஆண்டில் அமைந்த அணுசக்தி ஆணைக்குழுவின் முதல் உறுப்பினர் மூவருள் ஒருவரானார். பட்நாகர் பரிசை முதன்முதல் பெற்றவரும் அவரே. பட்டியல் நீளும், விடுப்போம்.

1947ஆம் ஆண்டில் புதுதில்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளரானார். அந்த ஆண்டின் இறுதியிலே அமெரிக்காவில் திரான்சிற்றர் பிறந்தது. குறைகடத்தியின் காலம் தொடங்கியது. நிர்வாகப் பணி ஆய்வை விழுங்கிவிடும் என்பது பொதுவழக்கு. கிருஷ்ணன் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஜெயின் என்னும் இளைஞரோடு சேர்ந்து, சூடேறிய பொருள்களினின்று இலத்திரன்கள் வெளிப்படும் காலலை ஆராய்ந்தார். வானொலி வால்வுகளின் உயிர்நிலை அது. மேற்பரப்பிலிருந்து நேரே வரும் இலத்திரன்களை அளந்தால் மேற்பரப்பின் மாசும் பிறவும் கணக்கைக் கெடுத்தன. கிருஷ்ணனின் உபாயம் எளிமையானது. பொருளை உட்குடைவான கூடாக்கி வெற்றிடத்தில் சூடாக்கினால் உள்ளே இலத்திரன்கள் ஆவிபோல நிறையும். கூட்டிலே ஒரு நுண்துளை. மூடிய பானையின் துளைவழி வரும் நீராவியின் அளவால் உள்ளழுத்தத்தை அறிவதுபோல, துளைவழி வரும் மின்னோட்டத்தால் உள்ளே உள்ள இலத்திரன் ஆவியின் அழுத்தத்தை அறியலாம். காரீயத்துக்கும், உலோகங்களுக்கும், குறைகடத்திகளுக்கும் இவ்வழியில் மாறிலிகளைக் கண்டனர்.

அடுத்ததும் அதைப்போன்ற எளிய வினாவே. மின்னால் சூடேற்றிய கம்பி நடுவிலே செந்தழலாய் இருக்க, பிடிக்கப்பட்ட இருமுனைகளும் ஏன் குளிர்ந்திருக்கின்றன, இடையே வெப்பநிலை எவ்வாறு படிப்படியாக இறங்குகின்றது? அவ்விறக்கத்தின் கணிதத்தை அவரும் மாணவரும் கண்டனர். இதனால் பெருவெப்பநிலையிலே பொருள்களின் வெப்பக்கடத்தலை அளக்க வழி பிறந்தது. இவ்வரிசையில் ஒரு கட்டுரை 1960ஆம் ஆண்டில், அவருடைய அறுபத்திரண்டாம் பிராயத்தில், அரச கழகத்து வெளியீட்டில் வந்தது.

1961ஆம் ஆண்டு ஜூன் திங்களிலே கிருஷ்ணன் புதுதில்லியில் காலமானார். அதே ஆண்டிலே சைமன் என்னும் ஆங்கிலேய அறிஞர் திரவ உலோகங்களின் மின்தடைபற்றிய தம் கொள்கையை வெளியிட்டார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. அத்துறை நூல்களிலே, முன்னோடிகளைக் குறிக்கும் இடத்தில், 1945ஆம் ஆண்டின் அந்தச் சிறு கட்டுரையும் அதனை எழுதிய இருவர் பெயரும் உள்ளன.