வோட்டின் பொருளும் ஸ்ரீ சத்தியமூர்த்தியும்

முத்தாபுதுப்பேட்டைக்கு மேற்கே, திருவள்ளூரைக் கடந்து சென்றால் காணப்படும் பூண்டி நீர்த்தேக்கம் தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1939-ல் சென்னை மேயரான அவர் எடுத்த பெருமுயற்சியின் பலன் அது. 1944-ல் அப்பணி முற்றுப்பெற்றபோது அதைக் காண அவர் இல்லை.

1887-ல் திருமயத்தில் பிறந்து வக்கீலான அவர், சட்டசபைகளைப் பகிஷ்கரிப்பதினும் அவற்றுட் புகுந்து அன்னிய சர்க்காரை எதிர்ப்பதே மேல் என்னும் கட்சியைச் சார்ந்தவர். ஆகவே, 1935-ம் வருஷத்துச் சட்டத்தின்படி 1937-ல் நடந்த சென்னை மாகாணத் தேர்தலில் ஊர் ஊராய்ச் சென்று ஜனங்களிடம் பேசினார். எழுத்தறியாதாரும் மயங்காதிருக்க, கட்சிக்கொரு வர்ணமாகப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரஸின் பெட்டி மஞ்சள். 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸ் வசமாயின. சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்த அவருக்கோ மந்திரி பதவி கிட்டவில்லை. 1942-ல் சிறைப்பட்டு நோயுற்ற அவர், 1943 மார்ச்சு 28-ல் காலமானார்.

அன்று சொத்து, வரி, கல்வி முதலிய தகுதியுடையோருக்கே இருந்த வோட்டுரிமை, இன்று 18 வயது நிரம்பிய பிரஜைகள் யாவருக்கும் உண்டு. பெட்டியின் வர்ணத்தையோ சின்னத்தையோ அறிவது எளிது. எதன்பொருட்டு வோட்டளிக்கிறோம் என்பதைத் தேர்தலுக்கு முன்பே ஆராய்ந்தறிவதன்றோ நமது கடமை!