இசைமுரசு நாகூர் ஹனீபா: கொண்டாடியவர்களும் குறை சொன்னவர்களும்

எங்கள் கீழ்வேளூர் பக்கம் நிக்காஹ் என்றால், பந்தல்கால் ஊன்றிய கையோடு வந்து சேர்பவர் மைக்செட்காரர். தென்னை மரத்தில் ஏறி குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்குவார். முதலில் ஓடுகிற கேஸட் மர்ஹூம் நாகூர் இ.எம்.ஹனீபா அவர்களுடையதாக இருக்கும். அந்தச் சத்தம் வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போகும். நடவில் நிற்கும் பெண்கள் அதைக் கேட்டே, பாய் வீட்டில் கல்யாணம் என்று தெரிந்துகொள்வார்கள். எண்பதுகளில் சிறுவர்களாக இருந்த நமக்கு பிரியாணி வாசனையும் அந்தக் குரலும் ஒன்றோடொன்று சேர்ந்தே நினைவில் நிற்கின்றன.

மதரஸாவில் ஓதி, ஸனது வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது அந்தச் சத்தம் நமக்குப் பிடிக்காமல் போயிருந்தது. ஒரு ஜும்ஆ பயானில் கல்யாண வீட்டுப் பாட்டுகளைப் பற்றிக் கடுமையாகவே பேசினோம். ஹனீபாவின் பெயரையும் சொன்னோம். தொழுகை முடிந்து வெளியே வந்தால், சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் வாசலில் நின்றார். சின்ன வயதில் மாடு மேய்க்கப் போனதால் தாம் ஓதப் போகவில்லை என்றார். அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே தமக்கு ஹனீபாவின் பாட்டைக் கேட்டுத்தான் தெரியும் என்றார். அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தர எந்த ஹஜ்ரத் வந்தார் என்றும் தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார். நம்மிடம் பதில் இல்லை. அந்த மனிதரைப் பற்றி நாம் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இஸ்மாயில் முஹம்மது ஹனீபா என்பது முழுப்பெயர். 1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தை வழி ஊர் நாகூர். அதுவே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சிறுவயதிலேயே பைத்து பாடும் கூட்டத்தில் சேர்ந்து தொண்டையைப் பழக்கினார். பைத்து சபா என்றால் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தஃப் அடித்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களின் புகழைக் கூட்டமாகப் பாடிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னால் போவார்கள். தெருவில் நடந்துகொண்டே பாட வேண்டும், மைக் கிடையாது, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே குரல் எழும்ப வேண்டும். பின்னாளில் உலகம் கேட்ட ஹனீபாவின் குரல் அங்கே உருவானது என்பது நம் கணிப்பு. பதின்ம வயதிலேயே கல்யாண வீடுகளில் தனியாகப் பாட அழைப்பு வந்தது. முறையாக எந்த வித்வானிடமும் அவர் சங்கீதம் கற்கவில்லை.

இளமையில் திருவாரூரில் இருந்தபோது எங்களுக்குப் பக்கத்து ஊரான திருக்குவளையில் பிறந்த மு.கருணாநிதியின் நட்பு கிடைத்தது. ஹனீபாவை விட அவர் ஒன்றரை வயது மூத்தவர். ஒருவர் எழுத்தாலும் பேச்சாலும், மற்றவர் தொண்டையாலும் ஒரே இயக்கத்தில் வளர்ந்தார்கள். பெரியாரின் இயக்கம், இந்தி எதிர்ப்பு, பிறகு 1949ல் தி.மு.க. என்று ஹனீபா கடைசி வரை அந்த வழியிலேயே இருந்தார். கட்சிக் கூட்டத்தில் தலைவர் வந்து சேரும் வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது அவர் வேலை. உதயசூரியனைப் பற்றியும் அண்ணாவைப் பற்றியும் 1953ன் கல்லக்குடிப் போராட்டத்தைப் பற்றியும் அவர் பாடியவை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாயிலும் மனப்பாடமாக இருந்தன.

சமுதாயத்திற்குள் முதல் மனத்தாங்கல் இங்கேதான் எழுந்தது. கடவுள் மறுப்பு பேசும் மேடையில் பாடிவிட்டு, அடுத்த நாள் மீலாது மேடையில் வந்து நபிகளாரின் புகழைப் பாடுகிறாரே என்று கேட்டவர்கள் உண்டு. முஸ்லிம் லீக்கில் இருந்த பலருக்கு இது உறுத்தியது. கட்சிக்காரர்களில் சிலருக்கோ அவருடைய மார்க்கப் பாட்டுகள் ஒத்துவரவில்லை. அவர் இரண்டையும் விடவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு மேடை, போட்டுக்கொண்டு இன்னொரு மேடை என்று அவர் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. இரண்டு கூட்டத்திலும் அவர் முஸ்லிமாகவே நின்றார், இரண்டு கூட்டத்திலும் கழகத்துக்காரராகவே அறியப்பட்டார். கட்சி அவருக்குச் சட்ட மேலவை உறுப்பினர் பதவியையும் வக்ஃபு வாரியத் தலைவர் பொறுப்பையும் தந்தது. மக்கள் வாக்களித்து மட்டும் அவர் ஒருமுறையும் ஜெயிக்கவில்லை. 1957ல் நாகப்பட்டினத்திலும், நாற்பத்தைந்து ஆண்டு கழித்து 2002 இடைத்தேர்தலில் வாணியம்பாடியிலும் நின்று தோற்றார். பாட்டுக்குக் கூடும் கூட்டம் வேறு, வாக்குப் பெட்டி வேறு என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இனி குரல். அவர் குரலைப் பற்றி நாகூரிலேயே இரண்டு கட்சி உண்டு. அந்த ஊர் சங்கீதம் அறியாத ஊர் அல்ல. தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ.காதர் அவர்கள் கர்நாடக இசையில் முறையாகத் தேறியவர். இசைமணி எம்.எம்.யூசுப் போன்றவர்களும் ராகம் தெரிந்து பாடியவர்கள். அப்படிக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு ஹனீபாவின் பாட்டு கத்தலாகப் பட்டது. கமகம் இல்லை, குழைவு இல்லை, எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் போய் நின்றுகொள்கிறார், கீழே இறங்கவே மாட்டேன் என்கிறார் என்று குறை சொன்னார்கள். இந்திப் படங்களின் மெட்டை எடுத்துக்கொண்டு அதில் நம் வார்த்தைகளைப் போட்டுப் பாடுகிறார் என்பது இன்னொரு குறை. பாட்டைக் கேட்டால் பாதிப் பேருக்கு மூலப் படம் ஞாபகம் வந்துவிடும்.

இந்தக் குறைகளில் உண்மை இருக்கிறது. ஆனால் அவரை எங்கே வைத்துக் கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சபாவில் நாற்காலியில் அமர்ந்து கேட்பவருக்கு வேண்டிய குழைவு, தென்னை மரத்துக் குழாயிலிருந்து அரை மைல் தூரம் போக வேண்டிய பாட்டில் நிற்காது. அந்தக் காலத்துக் குழாய் ஸ்பீக்கரில் மந்திர ஸ்தாயி கரகரவென்று கலங்கிப் போகும். மேல் ஸ்தாயிதான் தெளிவாக வெளியே வரும். ஹனீபாவின் பாட்டில் ஒரு சொல் கூடக் காற்றில் கரையாது. ழகரமும் றகரமும் தனித்தனியாகக் காதில் விழும். நாம் கல்லூரியில் தமிழ் படித்தபோது உச்சரிப்புக்கு உதாரணம் தேடினால் பேச்சாளர்களைத்தான் காட்டுவார்கள். இந்தப் பாடகரைக் காட்டியிருக்கலாம். இசைமுரசு என்ற பட்டம் அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துப் பார்க்கிறோம். முரசை யாரும் வீணையோடு வைத்து எடை போடுவதில்லை.

திரைப்படக்காரர்கள் அந்தக் குரலை அளவாகப் பயன்படுத்தினார்கள். 1961ல் வந்த பாவ மன்னிப்பில் டி.எம்.சௌந்தரராஜனோடு சேர்ந்து அவர் பாடிய பெருநாள் பாட்டு இன்றும் பெருநாள் காலையில் தொலைக்காட்சியில் வருகிறது. டி.எம்.எஸ். என்ற வெண்கலக் குரலுக்குப் பக்கத்தில் இவர் குரல் அடங்கிப் போகவில்லை. பின்னாளில் இளையராஜா செம்பருத்தியிலும் ராமன் அப்துல்லாவிலும் அவரைப் பாடவைத்தார். சினிமாவிலேயே தங்கியிருந்தால் இன்னும் சம்பாதித்திருப்பார். அவர் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கச்சேரிக்குப் போய்வந்து, மறுபடியும் ஊர்க் கல்யாணத்திலும் கந்தூரியிலும் பாடினார்.

பாட்டு எழுத்தைப் பற்றிய வழக்கு இதைவிடச் சிக்கலானது. ஹனீபா பாட்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அவர் பாடிய பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் வேறு. நாகூர் புலவர் ஆபிதீன், நாகூர் சலீம், கிளியனூர் அப்துல் சலாம் என்று ஒரு வரிசையே இருக்கிறது. இறைவனிடம் கையேந்துங்கள் என்ற பாட்டு அப்துல் சலாம் அவர்களுடையது. கிளியனூரில் அல்லாத ஊர்களில் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். எதுகை மோனை மலிந்த தெருத் தமிழ், இலக்கியத்தில் சேராது என்று ஒதுக்கியவர்கள் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் குணங்குடி மஸ்தான் சாகிபையும் பாடமாக வைத்தவர்கள், ஆபிதீனை எட்டிப் பார்க்கவில்லை. சீறாவைப் பாடமாகப் படித்தவர்கள் நாம். நம் பாட்டிமார்களுக்கு அதில் ஒரு படலம் கூடத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஹனீபாவின் தொண்டை வழியாக வந்தவை. எழுதியவர்களின் பெயர் மறைந்துபோனதில் பாடியவருக்கு எவ்வளவு பங்கு, ஒலித்தட்டுக் கம்பெனிக்கு எவ்வளவு, கேட்ட நமக்கு எவ்வளவு என்று யோசித்தால், நம் பங்கு குறைவில்லை.

மார்க்க ரீதியான கருத்து வேறுபாட்டுக்கு வருவோம். ஆலிம்கள் இதில் ஒரே கருத்தில் இல்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. இசைக்கருவிகளைக் கண்டிக்கும் புகாரியின் ஹதீஸை வைத்து நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை இமாம்கள் நரம்புக் கருவிகளையும் குழல் கருவிகளையும் தடுத்தார்கள். இப்னு ஹஸ்ம் அந்த அறிவிப்பின் தொடரைக் கேள்விக்குள்ளாக்கினார். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு தனி நூலை ஒதுக்கி, கேட்பவரின் உள்ளத்தை வைத்தும் சட்டம் பிரிகிறது என்று விளக்கினார். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடியதை அபூபக்ர் (ரலி) தடுக்கப் போக, நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்ன செய்தியும் புகாரியில்தான் இருக்கிறது. கடலோர ஷாஃபியும் உள்நாட்டு ஹனஃபியும் சேர்ந்து வாழும் நம் டெல்டாவில் தஃபுக்கு யாரும் தடை சொன்னதில்லை. ஹார்மோனியத்தில்தான் வழக்கு வரும். நம் சொந்த நிலையைக் கேட்டால், கருவி விஷயத்தில் பேணுதலே நமக்குப் பாதுகாப்பு. அதில் இன்றும் மாற்றம் இல்லை. அந்த ஜும்ஆவில் நாம் சொன்ன சட்டத்தில் தவறு காணவில்லை. ஒரு மனிதரின் ஐம்பது அறுபது ஆண்டு உழைப்பை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்ட தோரணையில்தான் தவறு இருந்தது.

எண்பதுகளுக்குப் பிறகு தவ்ஹீத் பிரச்சாரம் பரவியபோது இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வைப் போற்றி அவர் பாடியவை, அவ்லியாவிடம் கேட்பதாக ஆகிவிடுகிறதே என்றார்கள். கந்தூரிக்குப் போகிறவர்கள் அந்தப் பாட்டுகளையே உயிராக வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கேட்பதை நேரே படைத்தவனிடம் கேள் என்று தமிழ்நாட்டில் அதிகம் பேருக்கு எட்டவைத்ததும் அதே தொண்டைதான். தர்காவுக்குப் போகிறவரும் போகாதவரும் அந்த ஒரு பாட்டில் வந்து நின்றுவிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் இறைவன் என்ற பொதுச்சொல்லே வருவதால் மாற்று மதத்துச் சகோதரர்களும் தங்கள் வீட்டில் போட்டுக் கேட்கிறார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் காலை நேரத்தில் பக்திப் பாட்டுகளுக்கு நடுவே அது வரும். யாரும் எழுந்து போய் மாற்றியதை நாம் பார்த்ததில்லை.

2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் வஃபாத்தானார்கள். வயது 89. ஜனாஸா நாகூருக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அல்லாஹ் அவரது பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக.

பத்தாண்டு கடந்துவிட்டது. சைக்கிள் கடைப் பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மைக்செட்காரரின் மகன் இப்போது கேஸட்டுக்குப் பதிலாக பென்டிரைவ் கொண்டுவருகிறார். குழாய் போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்துவிட்டது. போன மாதம் ஒரு நிக்காஹ்வில் ஈஜாப் கபூலுக்கு முன் அவரை அழைத்து, அந்தப் பாட்டுகளின் பட்டியலைக் காட்டச் சொன்னோம். நிறுத்தச் சொல்லப் போகிறோம் என்று பயந்தார். எல்லாவற்றிலும் நாகூர் ஹனீபா என்று மட்டும் இருந்தது. எழுதியவர் பெயர் ஒன்றிலும் இல்லை. அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, நமக்குத் தெரிந்த பெயர்களை எதிரே போட்டிருக்கிறோம். பாதிக்கு மேல் இன்னும் வெற்றிடமாகவே கிடக்கிறது. நாகூரில் வயதான பைத்துக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். ரமலானுக்கு முன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.