டெல்ப்ட் நகரத்து வைத்தியர்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ப்ட் என்பதாகும். அப்பெயருக்கு மூலமான ஒல்லாந்து நகரத்திலே, அவர்கள் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் கழிந்தபின், றெனியர் தெ கிராப் என்னும் இளம் வைத்தியர் தொழில் புரிந்து வந்தார். உயிரியல் பயின்ற மாணவர் கிராபியன் புடைப்பு என்னும் சொல்லை அறிவர். எனினும், அன்னாரின் வரலாற்றிலே என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொரு பணி. பெண்ணின் புற உறுப்புகளைக் கூச்சமின்றி ஆராய்ந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய பெயருடன் எழுதி வைத்ததே அப்பணி.

அவர் 1641இல் ஸ்கூன்ஹோவன் என்னும் ஊரிற் பிறந்தார். உத்ரெக்டிலும் லெய்டனிலும் மருத்துவம் கற்றார். மாணவராயிருந்தபோதே சதையியின் நீரைப்பற்றி 1664இல் நூல் வெளியிட்டார். மறு ஆண்டிற் பிரான்சிலே பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையார் ஆதிக்கம் செலுத்திய நாட்டிலே அவர் கத்தோலிக்கர். ஆதலால் சர்வகலாசாலைப் பதவி கிட்டாது, டெல்ப்டிலே வைத்தியராய் அமர்ந்தார்.

அக்காலத்திலே பெண்ணுறுப்புகளின் பெயர்கள் பெருங் குழப்பத்திற் கிடந்தன. பண்டை இலத்தீனில் வல்வா என்ற சொல் கருப்பையைக் குறித்தது. பின்னர் புறவுறுப்பு முழுவதற்கும் பெயராயிற்று. வஜைனா என்பது வாளுறை. உள்ளே செல்லும் யோனிக் குழாய்க்கு மட்டுமே அது பெயர். சூலகமோ நெடுங்காலம் பெண்ணின் விதை என்றே வழங்கிற்று. பெண்ணுடல் ஆணுடலின் உட்புறம் திரும்பிய வடிவம் என்று பழைய வைத்தியர் நம்பியதே காரணம். கிளிற்றோரிஸ் என்னும் உறுப்பைக் கண்டவர் தாமே என்று இத்தாலியரான கொலம்போ 1559இலும், பலோப்பியோ 1561இலும் எழுதினர். வெசேலியசோ, உடற்கூற்றியலின் தந்தை எனப்படுபவர், நலமுள்ள பெண்களுக்கு அவ்வுறுப்பே இல்லையென மறுத்தார்! இல்லாத உறுப்புக்கு நோவு வந்தால் பெண் எதைக் காட்டுவாள்? நம்மவரும் வைத்தியர்முன் எல்லாவற்றையும் அடிவயிறு என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவதைக் கேட்டிருக்கிறேன்.

தெ கிராப் 1672இல் வெளியிட்ட நூலிலே புறத்திலிருந்து தொடங்கி அகத்துக்குச் செல்கிறார். மேலே மேடு; இருபுறமும் பேருதடுகள்; அவற்றினுள் தேவமகளிர் பெயர் பெற்ற சிற்றுதடுகள்; சிறுநீர் வாயில் வேறு, யோனி வாயில் வேறு. கிளிற்றோரிஸை அவர் விரிவாகவே விளக்கினார். வெளியே தெரிவது அதன் நுனி மாத்திரமே. இரு கால்கள் எலும்பையொட்டி உள்ளே பிரிந்து செல்கின்றன. நரம்புகள் செறிந்த அது இன்ப உணர்ச்சிக்குரியது என்றார். இப்படியோர் உறுப்பே இல்லாததுபோல் சில ஆசிரியர்கள் எழுதிச் சென்றதைக் கடிந்தும் கொண்டார். தாம் அறுத்துப் பார்த்த பிரேதங்களிற் கண்டதே அவருக்குச் சான்று. கண்டதைக் கண்டவாறு சொல்லும் இந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவருக்கும் தவறு நேர்ந்தது. சூலகத்துப் புடைப்பையே முட்டையென்று கருதினார். உண்மையான முட்டையை வொன் பேயர் 1827இலேதான் கண்டார். முதற் கண்டுபிடிப்பாளர் யார் என்பதில் ஸ்வாமர்டாமுடன் கசப்பான வழக்கும் மூண்டது. அதனிடையே, நகரத்துத் துணி வணிகராகிய லேவன்ஹூக்கின் நுணுக்குக்காட்டியைப்பற்றி இலண்டன் ரோயல் சங்கத்துக்கு எழுதி, அவரை உலகறியச் செய்தார். அவ்வாண்டு 1673 ஆகஸ்ட் மாதத்தில், முப்பத்திரண்டாம் வயதிலே, தெ கிராப் காலமானார்.

பின்வந்த நூல்கள் பலவற்றிலே அந்த உறுப்பின் விளக்கம் மீண்டும் சுருங்கிற்று. 1998இல் அவுஸ்திரேலியச் சத்திர வைத்தியர் ஹெலன் ஓகொனல் அதனை மீண்டும் அறுத்து ஆராய்ந்து வெளியிட்டபோது பலர் வியந்தனர். ஆயின், உள்ளே பிரிந்து செல்லும் அக்கால்கள் 1672ஆம் ஆண்டு நூலிலேயே எழுதப்பட்டிருந்தன.